குடியுரிமையும் குடிக்கும் கஞ்சியும்



சென்ற ஐப்பசி மழையின்போது ஆரணியில் நமது பங்கைச் சேர்ந்த நெசவாளி ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். தறிக்குழியில் நீர் ஊறி, பாவில் ஈரம் ஏறி, தறி ஓய்ந்து பத்து நாட்களாகியிருந்தன. முதலாளியிடம் வாங்கிய முன்பணமோ தீர்ந்தபாடில்லை. அவர் நம்மைப் பார்த்துக் கேட்டார்: “சாமி, இந்த மண்ணிலே பிறந்து ஓட்டுப் போடுகிற எனக்கு ஆதரவு இல்லை. முகாமில் இருக்கிற இலங்கை அகதிகளுக்கோ மாதம் பிறந்தால் பணம். வீடும் கட்டிக் கொடுக்கிறார்கள். இது நியாயந்தானா?”

இக்கேள்வியைப் பொறாமை என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. அடுப்பு எரியாத வீட்டிலிருந்து எழும் கேள்விக்கு மதிப்பளித்தே விடை கூற வேண்டும்.

முதலில் அவர்கள் பெறுவது என்ன என்று காண்போம். 1983 கலவரத்துக்குப் பின் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் பல கட்டங்களாகக் கடல் கடந்து வந்தனர். பலர் திரும்பிவிட்டனர், எஞ்சியோரில் பெரும்பகுதியினர் முகாம்களில் தங்கினர். நமது திருவண்ணாமலை மாவட்டத்திலும் அத்தகைய முகாம்கள் உண்டு. 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு மாத உதவித்தொகையை உயர்த்தியது. குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாய் 1,500 ஆயிற்று. மற்றப் பெரியவர்களுக்கு 750 ரூபாய் 1,000 ஆயிற்று. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுவருக்கு 400 ரூபாய் 500 ஆயிற்று. 7,469 வீடுகள் கட்டித் தரப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. இத்தொகையைக் கொண்டு எக்குடும்பமும் செல்வத்தில் புரளவில்லை. அவர்களுள் பலர் வண்ணம் பூசியும் கூலி வேலை செய்துமே வயிறு வளர்க்கின்றனர். கடையில் வாங்கும் சோப்பிற்கும் செருப்பிற்கும் நம்மைப் போலவே அவர்களும் வரி செலுத்துகின்றனர். அரசுப் பணியின் வாயிலோ அவர்களுக்கு அடைபட்டிருக்கிறது.

சட்டம் என்ன சொல்லுகிறது? நமது அரசியலமைப்பு, பேச்சுரிமை முதலானவற்றைத் தரும் 19ஆம் பிரிவில் ‘குடிமக்கள்’ என்று குறிப்பிடுகிறது. ஆனால் உயிரையும் சட்டத்தின் முன் சமத்துவத்தையும் காக்கும் 21, 14ஆம் பிரிவுகளில் ‘எந்த நபரும்’ என்றே பேசுகிறது. அருணாசலப் பிரதேசத்துச் சக்மா அகதிகளின் வழக்கில், குடிமகன் அல்லாதவனின் உயிரையும் காப்பது அரசின் கடமை என 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே வாக்குரிமை குடிமகனுக்குரியது என்பதை நாம் மறுக்கவில்லை. உணவும் மருந்தும் குழந்தையின் கல்வியும் அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றைக் கேட்பது குடியுரிமைச் சான்று அன்று, பசித்த வயிறு.

நமது நினைவையும் சற்றுப் பின்னோக்கித் திருப்புவோம். தமிழகத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்று உழைத்தவர்களின் வழித்தோன்றல்கள் இலட்சக்கணக்கில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நாடற்றவர் ஆயினர். அடுத்த ஆண்டே அவர்களது வாக்குரிமையும் போயிற்று. அங்கேயே பிறந்து, அங்கேயே உழைத்தவர்களை அந்நியர் என்பதா எனத் தமிழுலகம் கொதித்தது. அவர்களுள் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை இலங்கை 2003இல் இயற்றியது. அன்று நாம் அநீதி என்றதை, இன்று நமது மண்ணில் பிறந்து வளர்ந்த முகாம் பிள்ளைகளின் காரியத்தில் நியாயம் என்று கூற முடியுமா? 1987 ஜூலைக்குப் பின் இங்குப் பிறந்ததனால் மட்டும் ஒருவர் இந்தியக் குடிமகன் ஆவதில்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தமும் இலங்கையிலிருந்து வந்தோரைச் சேர்க்கவில்லை. நாற்பதாண்டு உதவித்தொகை, மூடிய கதவுக்கு ஈடாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அறுவடையில் மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பாதே. அது அந்நியனுக்கும் அநாதைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியது என்று மோயீசன் சட்டம் விதித்ததை நாம் அறிவோம். அச்சட்டத்தில் அந்நியன், உள்ளூர் ஏழைகளுக்குப் போட்டியாக அல்ல, அவர்களோடு ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டிருக்கிறான். நெசவாளியின் துயருக்கு முகாம் காரணமன்று. பட்டு நூலின் விலையேற்றமும், கைத்தறிக்கென்று 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கிய இரகங்களை விசைத்தறியில் நெய்து விற்பதும் அவரது கூலியைத் தின்கின்றன. அகதியின் தட்டைக் காலி செய்தால் இவரது தட்டு நிரம்பிவிடாது.

இவற்றையெல்லாம் அவரிடம் எடுத்துரைத்தோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படியானால் எங்களுக்கும் கேட்டு வாங்கிக் கொடுங்கள், சாமி” என்றார். அதுவே சரியான விடை எனத் தோன்றியது. விசாரித்ததில், அவர் நெசவாளர் நல வாரியத்தில் இன்னும் பதிவு செய்யவில்லை என்று தெரிந்தது. அன்று மாலையே அவரை அமர்த்தி விண்ணப்பத்தை நிரப்பினோம்.

நமது பங்குகளில் புனித வின்சென்ட் தே பவுல் சபையினர் வீடு வீடாகச் செல்லும்போது இதனை மனத்தில் கொள்வார்களாக. பதிவு செய்யாத நெசவாளியின் விண்ணப்பத்தை எழுதிக் கொடுங்கள். முகாமிலிருந்து ஒரு தாய் வந்து பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைக்குத் துணை கேட்டால் அவளோடும் செல்லுங்கள். எந்த ஊர் என்று கேட்பதற்கு முன், சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.