மாளிகையில் யார் தங்குவது?

விடுமுறை நெருங்குகிறது. பெட்டி கட்டுமுன்பே விடுதி அறைகளில் பயணப் பேச்சுத் தொடங்கிவிட்டது. கடலோரத்துப் பழைய மாளிகைகளில் நாலு நாள் தங்கி வருவது இக்காலத்து மோகங்களுள் ஒன்று. சென்ற வாரம் நம் சங்கத்து நண்பர் ஒருவர், "அந்நியன் கட்டிய வீட்டில் காசு கொடுத்துப் படுத்துவிட்டு வருவதா? இது அடிமைப் புத்தி ஐயா!" என்று வெகுண்டார். அவர் சினம் எனக்குப் புரிகிறது. ஆயினும் அவர் முடிவு எனக்கு உடன்பாடன்று. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

சென்ற கோடையில் என் வகுப்புத் தோழர்களாகிய வங்காள மாணவர் இருவரை ஊருக்கு அழைத்துச் சென்றேன். ஒருநாள் மயிலாடுதுறையிலிருந்து பேருந்தேறித் தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தோம். கோட்டையைப் பார்த்தோம். கடல் அரித்துச் சென்றது போக எஞ்சி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலையும் பார்த்தோம். கடலை நோக்கி அகன்ற தாழ்வாரத்துடன் நிற்கும் மாளிகையைக் காட்டி, "இது யார் வீடு?" என்றார் தோழர். "வெள்ளைக்காரன் வீடு" என்றேன். "எந்த வெள்ளைக்காரன்?" என்றார். நான் விழித்தேன். "டேனியர் ஊரல்லவா இது, எங்கள் செராம்பூரைப் போல?" என்று அவரே விடையும் சொன்னார். காவிரிக் கரையில் பிறந்தவனுக்குத் தெரியாதது ஹூக்ளிக் கரையில் பிறந்தவருக்குத் தெரிந்திருந்தது. நான் நாணித் தலை குனிந்தேன்.

திரும்பி வந்ததும் நூலகத்தில் தேடிப் படித்தேன். 1620-ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கர் டேனியருக்கு இவ்வூரில் இடம் தந்தார். டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்றார். இங்கேயே அச்சுக்கூடம் அமைந்து, 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. 1845-இல் தரங்கம்பாடியும் செராம்பூரும் சேர்த்தே பன்னிரண்டரை இலட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன. இங்கே நாம் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறிப் போய்வரும் செராம்பூரும், நம் ஊர்த் தரங்கம்பாடியும் ஒரே பேரத்தில் கைமாறியவை! இதை அறியாமலே நாம் இரண்டு கரையிலும் உலாவுகிறோம்.

இனி, தங்கலாமா என்ற கேள்விக்கு வருவோம். கடற்கரை வீட்டுக்கு உப்புக்காற்றே முதற்பகை. அது இரும்பைத் தின்னும், காரையை உதிர்க்கும். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவருக்குச் சுண்ணாம்பே மருந்து. செலவு குறையுமென்று சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரைக் கெடுக்கும். சன்னல் திறப்பாரும், ஒழுகும் இடத்தை உடனே அடைப்பாரும் இல்லாத மாளிகை சில மழைக்காலங்களில் பாழாகும். நாள்தோறும் மனிதர் புழங்கினால்தான் வீடு வாழும். புழங்குவோர் தரும் வாடகையால்தான் கொத்தனுக்கும் தச்சனுக்கும் கூலி கிடைக்கும். செராம்பூரில் 1786-இல் தோன்றிய டென்மார்க் டாவர்ன் இடிந்து பாழ்பட்டுக் கிடந்ததும், பழுதுபார்க்கப்பெற்று 2018-இல் மீண்டும் திறக்கப்பெற்றதும் நம் கண்முன் நடந்தவை. கட்டச் சொன்னவன் அந்நியன்தான். ஆனால் செங்கல் சுமந்தவரும் சுண்ணாம்பு அரைத்தவரும் யார்? நம் மக்களல்லரோ! அவர்கள் கைத்திறனை இடிய விடுவதா நாட்டுப்பற்று?

எனினும் நண்பரின் சினத்தில் ஓர் உண்மை உண்டு. இத்தகைய மாளிகைகளில் ஓர் இரவு வாடகை நம்மவரின் ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவை விழுங்கிவிடும். வசதியுள்ளவர் தாழ்வாரத்தில் அமர்ந்து கடலை இரசிக்கிறார். அந்தக் கடலிலே வலை வீசும் குப்பத்து மக்களோ அவருக்கு வெறும் காட்சிப் பொருள். 2004-இல் ஆழிப்பேரலை வந்தபோது இவ்வூரில் உயிர்களைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். கவர்னர்கள் பெயரை மட்டும் சொல்லி, இவர்களைச் சொல்லாமல் விடும் வரலாறு அரை வரலாறே.

இங்கிலாந்தைப் பாருங்கள். பழம்பெரும் வீடுகளைச் செப்பனிட்டு விடுமுறைக்கு வாடகைக்கு விடும் லேண்ட்மார்க் டிரஸ்ட் 1965-இல் தோன்றியது. அது வீடுதோறும் அவ்வீட்டின் வரலாற்றை எழுதி வைக்கிறது. சில நாட்களில் சில வீடுகளைக் கட்டணமின்றிப் பொதுமக்களுக்குத் திறந்தும் விடுகிறது. அங்குள்ள நேஷனல் டிரஸ்ட், தன் பாதுகாப்பிலுள்ள 93 இடங்களுக்குக் குடியேற்ற ஆட்சியோடும் அடிமை வாணிகத்தோடும் இருந்த தொடர்பை 2020-இல் அறிக்கையாகவே வெளியிட்டது. எதிர்ப்பு எழாமலில்லை. ஆனாலும் சொல்லவேண்டியதைச் சொன்னார்கள். ஆண்டவர் நாட்டிலேயே அது இயலுமாயின், ஆளப்பட்டவர் நாட்டில் ஏன் இயலாது?

ஆகவே நான் வேண்டுவன மூன்று. ஒன்று, பழைய மாளிகையை விடுதியாக நடத்துவோர் ஆண்டில் சில நாளேனும் ஊராருக்கும் மாணவருக்கும் கதவைத் திறக்கவேண்டும். இரண்டு, அறைதோறும் அவ்வீட்டின் வரலாறு தமிழிலும் இருக்கவேண்டும். அதில் கொத்தனும் சமையற்காரனும் மீனவனும் இடம்பெறவேண்டும். மூன்று, கடலோரப் பழைய கட்டடங்களுள் ஒன்றையேனும் அரசு மாணவர் தங்கும் எளிய விடுதியாக்க வேண்டும். பாயும் தலையணையும் போதும். பட்டு மெத்தை நமக்கு வேண்டா.

நமக்கும் ஒரு கடமை உண்டு. வரும் பொங்கல் விழாவுக்கு முன் நம் சங்கம் ஒரு நாள் செராம்பூருக்குச் செல்லட்டும். வங்காளத் தோழர்களையும் உடன் அழைக்கட்டும். கோடையில் ஊர் செல்வோர் தரங்கம்பாடியை ஒருமுறை பார்த்து, கண்டதை இவ்விதழுக்கு எழுதட்டும்.

மாளிகையில் தங்கக் காசு இல்லாமற் போகலாம், அதில் நாணமில்லை. "இது யார் வீடு?" என்று பிற மாநிலத் தோழன் கேட்கும்போது விடை இல்லாமல் நிற்பதுதான் நாணம். அது எனக்கு நேர்ந்தது, உங்களுக்கு நேரவேண்டா.