செம்பாறை நிலத்துக்கு ஓர் அளவு வேண்டும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கொலராடோ ஆற்றை ஒட்டிய பாலைநிலத்தில் சுமார் 5,300 பேர் வாழும் சிற்றூர் மோவாப். வடக்கே 8 கிலோமீட்டரில் ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா; தென்மேற்கே அதைவிடப் பல மடங்கு பரந்த கேன்யன்லேண்ட்ஸ். எங்கு திரும்பினாலும் செம்பாறை. மழையும் உறைபனியும் குடைந்தெடுத்த 2,000-க்கும் மேற்பட்ட கல் வளைவுகள் ஆர்ச்சஸில் மட்டும் உள்ளன. இந்தப் பூங்காவுக்குள் நுழைய நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரலில் சோதனையாகத் தொடங்கியது. அன்று முதல் அதைத் தொடர்வதா கைவிடுவதா என்ற விவாதம் ஊருக்குள் ஓயவில்லை. முன்பதிவு வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

முன்பதிவை எதிர்ப்பவர்கள், அதற்கு முன்பு பூங்கா எல்லாருக்கும் திறந்து கிடந்ததுபோலப் பேசுகிறார்கள். உண்மை வேறு. ஆர்ச்சஸுக்குள் இருப்பது ஒரே ஒரு முதன்மைத் தார்ச்சாலை. சுமார் 29 கிலோமீட்டர் ஓடி, முட்டுச்சந்தாக முடிந்து, வந்த வழியே திரும்ப வேண்டிய சாலை அது. 2011-இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சமாக இருந்த வருகை, 2021-இல் 18 லட்சத்தைத் தொட்டது. இடையில், 2013-இல், மாநிலச் சுற்றுலாத் துறை யூட்டாவின் ஐந்து தேசியப் பூங்காக்களையும் ஒரே பெயரில் கட்டி உலகெங்கும் விளம்பரப்படுத்தியிருந்தது. ஆளை அழைத்தார்கள்; சாலை அகலவில்லை. வண்டி நிறுத்துமிடங்கள் காலையிலேயே நிரம்பி, பூங்காவின் வாயிலை மணிக்கணக்கில் மூட நேர்ந்தது. ஆயிரம் மைல் கடந்து வந்த குடும்பம் நெடுஞ்சாலையிலேயே திருப்பி அனுப்பப்பட்டது. ஆக, அளவு என்பது அப்போதும் இருந்தது. யார் உள்ளே போவது என்பதை அன்று வரிசையும் அதிர்ஷ்டமும் தீர்மானித்தன. முன்பதிவு செய்ததெல்லாம் அந்த அளவை வெளிப்படையாக்கி, வருகிறவருக்கு முன்கூட்டியே சொன்னதுதான்.

நெரிசலைப் பயணிகளின் வசதிக் குறைவு என்று மட்டும் பார்ப்பது போதாது. வளைவுகள் தாமாகவே விழக்கூடியவை. 2008 ஆகஸ்டில் வால் ஆர்ச் என்ற வளைவு இரவோடு இரவாக இடிந்தது. அதை எந்த விதியாலும் தடுத்திருக்க முடியாது. தடுக்கக்கூடிய சேதம் காலடியில் இருக்கிறது. பாறைகளுக்கு இடையே கருத்து, மேடும் பள்ளமுமாகத் தெரியும் மண்பொருக்கு வெறும் மண் அன்று. நுண்ணுயிர்களும் பாசியும் மரப்பாசியும் சேர்ந்து நெய்த உயிருள்ள போர்வை. மணலைக் காற்று வாரிக்கொண்டு போகாமல் பிடித்து, பெய்யும் சிறு மழையைத் தேக்கி, செடிக்கு உரமிடுவது அதுதான். ஒருவர் பாதையை விட்டு ஓரடி விலகி மிதித்தால் நொறுங்கிவிடும். மீண்டு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். நிறுத்த இடமின்றிச் சாலையோர மண்ணில் ஏற்றி நிறுத்தப்படும் ஒவ்வொரு காரும், நெரிசலைச் சுற்றி நடக்கும் ஒவ்வொரு காலும் இந்தப் போர்வையைத்தான் கிழிக்கின்றன.

வணிகர்களின் கவலையை நாம் லேசாக ஒதுக்கவில்லை. விடுதியும் உணவகமும் ஜீப் வாடகையும்தான் இன்று ஊருக்குச் சோறு போடுகின்றன. முன்பதிவு வந்த பிறகு ஆண்டு வருகை 15 லட்சத்துக்குச் சற்றுக் கீழே நின்றது, குறைவுதான். ஆனால் மோவாப் ஏற்கெனவே ஒருமுறை ஒற்றைச் செல்வத்தை நம்பி வாழ்ந்த ஊர். 1952-இல் அருகே யுரேனியம் கிடைத்ததும் ஊர் சில ஆண்டுகளில் பல மடங்கு பெருத்தது. 1984-இல் யுரேனிய ஆலை மூடப்பட்டது. ஆற்றங்கரையில் எஞ்சிய 1.6 கோடி டன் கதிரியக்கக் கழிவை 2009 முதல் அரசு ரயிலேற்றி அகற்ற வேண்டியதாயிற்று. எடுத்தது சிலர், சுமந்தது எல்லாரும். சுற்றுலாவும் அந்த வழியில் போகத் தொடங்கிவிட்டதை ஊரே உணர்ந்திருக்கிறது: வீடுகள் விடுதிகளாக மாறி, அறை துடைப்பவரும் சமையல்காரரும் குடியிருக்க இடமின்றித் தவித்த நிலையில், 2019-இல் புதிய விடுதிகளுக்கான அனுமதியை உள்ளாட்சிகள் நிறுத்தி வைத்தன. தலைகளின் எண்ணிக்கை கூடினால் வாழ்வு கூடும் என்ற கணக்கு இங்கே பொய்த்துவிட்டது.

பொதுநிலம் எல்லாருக்கும் சொந்தம், அதற்குச் சீட்டு எதற்கு என்பது கனமான கேள்வி. ஆனால் தேசியப் பூங்காக்களுக்கான 1916-ஆம் ஆண்டுச் சட்டம் அனுபவிக்கும் உரிமையோடு, வருங்காலத் தலைமுறைக்குக் குலையாமல் ஒப்படைக்கும் கடமையையும் சேர்த்தே சொல்கிறது. இன்னும் பிறவாதவரும் அந்த ‘எல்லாரில்’ அடக்கம். இணையம் பழகாத முதியவரும் வெளிநாட்டவரும் சீட்டைத் தவறவிட்டார்கள் என்பது நியாயமான குறை. சீட்டுகளில் ஒரு பங்கை முந்தைய நாள் மாலையில் வெளியிட்டது அதற்குப் பாதி மருந்து. தொலைபேசியிலும் ஊரின் தகவல் மையத்திலும் சீட்டு கிடைத்தால் மீதிப் பாதியும் தீரும். கட்டணம் 2 டாலராக இருந்தது. 2023 முதல் காலை 7 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பின்பும் சீட்டே தேவைப்படவில்லை. டெலிகேட் ஆர்ச் என்ற வளைவு செந்தழலாய் ஒளிரும் அந்திப்பொழுது, அதாவது இந்தப் பூங்காவின் மிகச் சிறந்த நேரம், யாருக்கும் மறுக்கப்படவில்லை.

சாலையை அகலமாக்கு, நிறுத்துமிடத்தைப் பெருக்கு என்பவர்கள், காப்பாற்ற வேண்டிய நிலத்தின் மீதே தார் ஊற்றச் சொல்கிறார்கள். 1956, 57-இல் இங்கே காவலராகப் பணியாற்றிய எழுத்தாளர் எட்வர்ட் ஆபி, பூங்காக்களுக்குள் காரே வேண்டாம் என்று 1968-லேயே எழுதினார். அன்று அது பிடிவாதமாகத் தோன்றியது. ஆனால் இதே மாநிலத்தின் சயான் பூங்கா 2000-இல் தன் பள்ளத்தாக்குச் சாலையில் ஆண்டின் பெரும்பகுதி தனியார் காருக்குத் தடை விதித்து, பேருந்தை ஓட்டியது. மக்கள் ஏறிச் செல்கிறார்கள். ஆர்ச்சஸில் பார்க்குமிடங்கள் சிதறிக் கிடப்பதால் பேருந்து ஓட்டுவது கடினம், செலவும் கூடும். ஆனாலும் மோவாபிலிருந்து அப்படியொரு பேருந்துக்கு விடுதி வரியிலிருந்து பணம் ஒதுக்குவது, விளம்பரத்துக்கு ஒதுக்குவதைவிட மேல். அது வரும்வரை அந்த 2 டாலர் சீட்டு இருக்கட்டும்.