துரத்தி விட்டுப் பெயர் சூட்டுவதா?

ஹங்கேரி நாட்டில் எட்யெக் என்று ஓர் ஊர். தலைநகர் புடாபெஸ்டுக்கு மேற்கே இருக்கிறது. திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த ஊர். 2007-ம் ஆண்டில் அங்கே பெரிய சினிமா ஸ்டுடியோ ஒன்றைத் திறந்தார்கள். பெயர், கோர்டா ஸ்டுடியோ. ஹாலிவுட் கம்பெனிகளெல்லாம் அங்கே வந்து படம் பிடிக்கின்றன.

பெயர் சூட்டியது நல்லதுதான். ஆனால் அந்தக் கோர்டாவை நாடு எப்படி நடத்தியது தெரியுமா?

ஹங்கேரியின் சமவெளியில் துர்கெவெ என்ற சிற்றூர் உண்டு. அதன் அருகே ஒரு பண்ணையில் 1893-ல் பிறந்தவர் அவர். தகப்பனார் பண்ணைக் காரியஸ்தர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். தலைநகருக்குப் போய்ப் பத்திரிகையில் எழுதினார். பிறகு சினிமா டைரக்டர் ஆனார். பெயரும் பெற்றார்.

1919-ல் ஹங்கேரியில் கம்யூனிஸ்டு ஆட்சி வந்தது. சினிமாத் தொழில் முழுவதையும் அரசாங்கமே எடுத்துக் கொண்டது. கோர்டா அந்த ஆட்சியிலும் படம் எடுத்தார். 133 நாட்களில் ஆட்சி கவிழ்ந்தது. அடுத்து வந்தவர்கள் பழி தீர்க்கத் தொடங்கினார்கள். போதாததற்கு யூதர்கள் மீது வெறுப்பு வேறு. கோர்டா யூதர். அவரைக் கைது செய்தார்கள். வெளியே வந்ததும் மனைவியுடன் வியன்னாவுக்குப் புறப்பட்டு விட்டார்.

படம் எடுத்தது ஒரு குற்றமா? நாற்காலியில் யார் உட்கார்ந்தால் என்ன, சினிமாக்காரன் சினிமாதானே எடுப்பான்!

நஷ்டம் யாருக்கு? கோர்டாவுக்கு இல்லை. லண்டனில் சொந்தக் கம்பெனி தொடங்கினார். 1942-ல் பிரிட்டிஷ் மன்னர் அவருக்கு "சர்" பட்டம் கொடுத்தார். மைசூரில் யானைப் பாகன் மகனாக இருந்த சாபு என்ற சிறுவனை உலகம் அறியச் செய்த "எலிபெண்ட் பாய்" படம், 1937-ல் இவர் தயாரித்ததுதான். அதை டைரக்ட் செய்த இருவரில் ஒருவர் இவருடைய தம்பி ஸோல்தான்.

அதே 1919-ல் மிஹாய் கெர்டெஸ் என்ற டைரக்டரும் நாட்டை விட்டுப் போனார். அமெரிக்காவில் மைக்கேல் கர்டிஸ் என்று பெயர் மாற்றிக் கொண்டார். உலகப் புகழ் பெற்ற "காஸாபிளாங்கா" அவர் எடுத்த படம்.

"சின்ன நாடு, சின்ன மொழி. இங்கேயே இருந்தால் இவ்வளவு பெரிய ஆளாகி இருப்பார்களா?" என்று சிலர் கேட்கலாம். ரிச்செ என்ற ஊரில் பிறந்த அனாதைச் சிறுவன் அடால்ப் ஜுக்கர் தானாகவே அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினான். பாரமவுண்ட் கம்பெனியை வளர்த்துப் பெரிய முதலாளி ஆனான். சரிதான். ஆனால் பிழைக்கப் போவது வேறு, இருக்க விடாமல் விரட்டுவது வேறு அல்லவா?

பிறகாவது புத்தி வந்ததா? 1969-ல் "சாட்சி" என்ற பொருள் கொண்ட பெயரில் ஒரு படம் எடுத்தார்கள். பழைய கம்யூனிஸ்டு ஆட்சியின் கூத்துகளைக் கேலி செய்த படம். அப்போது இருந்ததும் கம்யூனிஸ்டு ஆட்சிதான். விடுவார்களா? சுமார் பத்து ஆண்டுகள் பெட்டியிலேயே கிடந்தது!

மனிதர்கள் மட்டுமா போனார்கள்? படங்களும் போயின. அந்தக் காலத்தில் தலைநகருக்குச் சமமாகச் சினிமா வளர்ந்த ஊர் கொலொஸ்வார். யானோவிச் என்ற நாடகக் கம்பெனி நடத்துநர் 1913 முதல் அங்கே ஏராளமான படங்களைத் தயாரித்தார். கோர்டா, கெர்டெஸ் இருவருமே அவரிடம் வேலை செய்தவர்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு அந்த ஊர் ருமேனியாவுக்குப் போய் விட்டது. இப்போது அதன் பெயர் க்ளூஜ். அங்கே எடுத்த ஊமைப் படங்களில் பெரும்பாலானவை தொலைந்து விட்டன.

அவற்றில் ஒன்று எதிர்பாராமல் கிடைத்தது. கெர்டெஸ் டைரக்ட் செய்த படம் அது. கிராமத்துப் பெண் ஒருத்தி நகரத்துக்கு வேலைக்கு வருகிறாள். வீட்டு எஜமானி திருட்டுப் பட்டம் கட்டுகிறாள். ஊரை விட்டே அவளைத் துரத்தி விடுகிறார்கள். படத்தின் பெயரே "துரத்தப்பட்டவள்" என்று பொருள்படும். அந்தப் பெட்டி எங்கே இருந்தது தெரியுமா? அமெரிக்காவில், நியூயார்க் நகரில், ஹங்கேரியர்களின் சங்கக் கட்டிடத்து நிலவறையில்!