புக்கிட் தெங்கா: மோட்டார் போனாலும் தவணை போகாது

துணிக்கூரை விளையாட்டுக் காருக்குள் நுழைய ஒரு கத்தி போதும். ஆனால் சாவியில் உள்ள சிப் இல்லாமல் எஞ்சின் கிளம்பாது. புக்கிட் தெங்கா தொழிற்சாலைகளுக்கு இரவு வேலைக்கு வரும் நம்மவர்களின் பழைய மோட்டார்களுக்கு அந்தக் காவலும் கிடையாது. கைப்பிடிப் பூட்டை முறித்து ஒயரை இணைத்தால் ஆயிற்று.

வாகனத் திருட்டுக்குத் தண்டனைச் சட்டம் 379ஏ பிரிவின் கீழ் 1 முதல் 7 ஆண்டு வரை சிறை. திருடன் பிடிபட்டால்தானே!

பெரிய ஓட்டை காப்புறுதியில் இருக்கிறது. சாலை வரிக்காகப் பலர் எடுக்கும் மலிவான மூன்றாம் தரப்புக் காப்புறுதி, திருட்டுக்கு ஒரு சென்கூடத் தராது. தீ, திருட்டு சேர்ந்த திட்டம் வேறு, கட்டணமும் கூடுதல். அது இல்லாதவர், களவு போன மோட்டாருக்கும் மாதத் தவணை கட்டியே ஆக வேண்டும். சாலை வரி புதுப்பிக்கும்போதே முகவரிடம் இதைக் கேட்டுவிடுவது நல்லது.