தேனீயிலும் ஒரு குயில்

குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடும் கதை ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். தேனீக்களிலும் இவ்வழக்கம் உண்டென்பதைப் பலர் அறியார்.

பரிஸ் நகரில் வசந்தம் பிறந்ததும், பழஞ்சுவர்களின் சாந்து இடுக்குகளில் அந்தோபோரா புளூமிபேஸ் என்னும் தேனீ தனியே கூடமைக்கும். மகரந்தத்தையும் தேனையும் சேர்த்துவைத்து, முட்டையிட்டு, அறையை மண்ணால் மூடிவிடும். அருகே கறுப்பு உடலில் வெண்திட்டுகளோடு இன்னொன்று காத்திருக்கும். அதுவே மெலெக்டா அல்பிஃப்ரொன்ஸ். 1771ஆம் ஆண்டில் ஃபோர்ஸ்டர் என்ற அறிஞர் இட்ட பெயர். 'அல்பிஃப்ரொன்ஸ்' என்றால் லத்தீனில் வெண்ணெற்றி.

மகரந்தம் சுமக்கும் ரோமக் கற்றை இதன் கால்களில் இல்லை. மூடிய அறையைத் துளைத்துத் தன் முட்டையை இட்டுவிட்டுப் போய்விடும். அதன் குஞ்சுப்புழு அரிவாள் போன்ற தாடைகளால் வீட்டுக்காரரின் பிள்ளையைக் கொன்று, சேமித்த உணவையும் உண்டு வளரும்.

இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் காணும் நீலப்புள்ளித் தேனீயான தைரியஸ் இதற்கு உறவு. அது நீலவரித் தேனீயாகிய அமெகில்லாவின் கூட்டை நாடும்.

இப்படிப்பட்ட கள்ளியை அடித்துக் கொல்லத் தோன்றலாம். பொறுங்கள் அன்பர்களே! உழைக்கும் தேனீ செழித்த இடத்திலன்றி இது வாழாது. உழைப்பாளி அருகினால் இதுவும் மறைந்துபோகும். ஆகவே இதைக் காண்பது, அச்சுவரின் நாடியைப் பிடித்து நலம் அறிவது போலாகும். பழஞ்சுவரின் இடுக்கையெல்லாம் சீமெந்து பூசி அடைப்பதோ, இரு குடும்பங்களையும் ஒன்றாக வெளியேற்றுவதாகும். இடுக்கொன்றை விட்டுவைப்பதும் ஜீவகாருண்யமே.