13 டர்னோவர்

2006 நவம்பர். டேவிட்சன் கல்லூரிக்காக ஸ்டெஃபன் கரி ஆடிய முதல் ஆட்டம், ஈஸ்டர்ன் மிச்சிகனுக்கு எதிராக. பந்தை 13 தடவை எதிரணியிடம் தொலைத்தார். ஒரு கார்டுக்கு இதைவிட மோசமான அறிமுகம் அமையாது. பயிற்சியாளர் பாப் மெக்கில்லப் அடுத்த ஆட்டத்திலும் அவரை நம்பி இறக்கினார். மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு எதிரான அந்த ஆட்டத்தில் கரி எடுத்தது 32 புள்ளி.

நம் தொழிலில் எல்லோரும் இந்தக் கதையை 32-க்காகச் சொல்வார்கள். நான் 13-க்காகச் சொல்கிறேன். பள்ளி கார்டு ஒருவனைப் பார்த்துவிட்டு நாம் கல்லூரிக்கு எழுதியனுப்பும் குறிப்புகளைப் புரட்டிப் பாருங்கள். உயரத்துக்கு ஒரு வரி, ஷூட்டிங்குக்கு ஒரு பத்தி, வேகத்துக்கு ஒரு பத்தி. டர்னோவருக்கு வெறும் ஓர் எண். அது கூடுதலாக இருந்தால் ‘பந்தைப் பாதுகாக்கத் தெரியவில்லை’, குறைவாக இருந்தால் ‘நிதானமான பையன்’. கார்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்கிறோம்.

டர்னோவர் எல்லாம் ஒரே ரகம் இல்லை. சரியான ஆளைச் சரியான நேரத்தில் பார்த்துவிட்டான், பாஸ் மட்டும் அரை அடி தாழ்ந்து போய்விட்டது என்றால் அது கைப் பிழை. தோளும் மணிக்கட்டும் தேறினால் போய்விடும். ஹெல்ப்புக்கு வருகிற ஆளைப் பார்க்காமலே அவன் மார்பில் பந்தை எறிவது கண் பிழை. அது லேசில் போகாது. டிரிப்ளிங்கைத் தொடங்கும் முன்பே போகிற இடத்தை முடிவு கட்டிவிட்டு, வழியில் மூன்று பேர் நின்றாலும் அங்கேயே போய் முட்டுகிறவனும் உண்டு. அதற்கு மருந்து இருக்கிறது, ஆனால் பையன் சொன்னால் கேட்கிறவனாக இருக்க வேண்டும். பிறகு, பள்ளி ஆட்டங்களில் அடிக்கடி பார்க்கிற ஒன்று: பாஸ் அருமையாக வருகிறது, வாங்க வேண்டியவன் அதை எதிர்பார்க்கவே இல்லை, பந்து அவன் முழங்காலில் பட்டு வெளியே ஓடுகிறது. ஸ்கோர் மேஜைக்காரர் அதையும் பெரும்பாலும் கார்டின் தலையில்தான் எழுதுவார்.

போன சீசனில் ஒரு வீடியோ பார்த்தேன். பதினோராம் வகுப்புப் பையன், ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு, ஒல்லி. இடது பக்கம் பிக் அண்ட் ரோல். ஸ்கிரீன் வைத்த பெரிய ஆள் ரிங்கை நோக்கித் திரும்பி ஓட, இவன் பவுன்ஸ் பாஸ் போட்டான். எதிர்ப்பக்க கார்னரைக் காத்துக்கொண்டிருந்தவன் பெயிண்டுக்குள் ஓடிவந்து தட்டிப் பறித்துக்கொண்டான். தற்காப்புக்குத் திரும்பி ஓடும்போது பையன் பெஞ்சைப் பார்க்கவில்லை, கையை விரிக்கவில்லை. தலையைத் திருப்பி, அந்த ஆள் எங்கிருந்து வந்தான் என்று கார்னரைப் பார்த்தான். நாலு நிமிஷம் கழித்து அதே இடம், அதே பிளே. இந்தத் தடவை கண்ணும் தோளும் பெரிய ஆள் பக்கம் இருந்தன. பந்து மட்டும் களத்தைக் குறுக்கே தாண்டி, கார்னரில் தனியாக நின்றவன் கைக்குப் போனது. அவன் எறிந்தது ரிங்கில் பட்டு வெளியே வந்துவிட்டது. புள்ளிவிவரத் தாளில் இரண்டுக்கும் சேர்த்து: டர்னோவர் 1, அசிஸ்ட் 0.

புள்ளிகளை மட்டும் நம்ப முடியாததற்குக் களமும் ஒரு காரணம். பள்ளிக் களத்தின் வழக்கமான நீளம் 84 அடி, கல்லூரியில் 94. பள்ளியின் மூன்று புள்ளிக் கோடு 19 அடி 9 அங்குலத்தில் இருக்கிறது. கல்லூரி ஆண்களுக்கு 2019-20 முதல் அது 22 அடிக்கும் சற்று மேல். இதெல்லாம் பழகிவிடும். பழகச் சிரமமானது கடிகாரம். கல்லூரி ஆண்களுக்கு 30 வினாடி. பள்ளிகளில் மாநிலங்கள் விரும்பினால் 35 வினாடி வைத்துக்கொள்ளலாம் என்று தேசியக் கூட்டமைப்பு இடம் கொடுத்ததே 2022-23 சீசனிலிருந்துதான், அதுவும் கட்டாயமில்லை. கடிகாரம் இல்லாத ஊரில் ஒரு கார்டு தனக்குப் பிடித்த இடைவெளி கிடைக்கும்வரை பந்தைத் தட்டிக்கொண்டே நிற்கலாம். 6 வினாடி மீதி, போட்ட பிளே சிதறிவிட்டது, இப்போது என்ன செய்வான் என்பது அங்கே தெரியவே தெரியாது. நைக்கியின் ஈ.ஒய்.பி.எல். போன்ற கோடைச் சுற்றுகளில் கடிகாரம் ஓடுகிறது. அங்கே போயும் நம்மில் பாதிப் பேர் டங்க்கை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஷூட்டிங் சதவீதத்துக்கும் இதே கதிதான். 25 ஆட்டம், ஆட்டத்துக்கு 4 மூன்று புள்ளி முயற்சி என்றால் சீசனுக்கு 100. 33 சதவீதக்காரனுக்கும் 38 சதவீதக்காரனுக்கும் உள்ள வித்தியாசம் ஐந்தே ஐந்து பந்து. அதை வைத்து ஒருவனை ஷூட்டர் என்றும் இன்னொருவனை இல்லை என்றும் எழுதுகிறோம். ஃப்ரீ த்ரோ அப்படி ஏமாற்றாது. தடுக்க ஆள் இல்லை, தூரம் எப்போதும் 15 அடி, கை எப்படி வேலை செய்கிறது என்று மறைக்க வழியில்லை. கனடாவின் விக்டோரியாவிலிருந்து ஸ்டீவ் நாஷுக்காக அவருடைய பள்ளிப் பயிற்சியாளர் முப்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்கக் கல்லூரிகளுக்கு எழுதினார். உதவித்தொகையோடு கூப்பிட்டது சாண்டா கிளாரா ஒன்றுதான். 1993-ல் அந்த 15-ஆம் நிலை அணி, 2-ஆம் நிலை அரிசோனாவை வீழ்த்தியபோது கடைசி நேரத்தில் நாஷ் வரிசையாக 6 ஃப்ரீ த்ரோ போட்டார். பிறகு என்.பி.ஏ. வாழ்நாள் முழுவதற்குமாக 90 சதவீதம். அந்தக் கை பள்ளியில் வேறாகவா இருந்திருக்கும்?

உடலைப் பற்றி எழுதும்போது தேதியையும் சேர்த்து எழுதுங்கள். ஸ்டெஃபன் கரியின் அப்பா டெல் கரி படித்த வர்ஜீனியா டெக், மகனுக்கு உதவித்தொகை தரவில்லை. வேண்டுமானால் வாக்-ஆனாக வரலாம் என்றது. ஒல்லி என்று அவர்கள் பார்த்தது பொய்யில்லை. ஆனால் அதற்குள் அந்தப் பையன் ஒரு கோடை முழுக்க இடுப்பிலிருந்து எறியும் பழக்கத்தை விட்டு, அப்பாவிடம் தலைக்கு மேலிருந்து எறியக் கற்றுக்கொண்டிருந்தான். பழைய ஷாட்டை உடைத்துப் புதிதாகக் கட்டிக்கொண்டவன் என்பது எந்த எடைத் தராசிலும் ஏறாது. பள்ளிப் பயிற்சியாளரிடம் கேட்டால் கிடைத்துவிடும்; கேட்கத்தான் ஆளில்லை.

ஜா மொரான்ட்டை மரே ஸ்டேட் கண்டுபிடித்த கதையும் உங்களுக்குத் தெரியும். உதவிப் பயிற்சியாளர் ஜேம்ஸ் கேன் வேறொரு பையனைப் பார்க்கப் போனவர், பக்கத்து ஜிம்மில் மூவர் ஆட்டத்தில் இவனைப் பார்த்தார். 2018-19-ல் மொரான்ட் ஆட்டத்துக்கு 24.5 புள்ளி, 10 அசிஸ்ட். கூடவே ஆட்டத்துக்கு 5-க்கும் மேல் டர்னோவர். அந்தக் கோடையில் மெம்ஃபிஸ் இரண்டாவது ஆளாக அவரை எடுத்தது. அத்தனை பாஸ் போட முயல்கிறவன் அத்தனை பாஸைத் தொலைக்கத்தான் செய்வான் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018 அக்டோபரில் வந்தது முதல், பள்ளிப் பையனுக்குக் கல்லூரிகள் தரும் பொறுமை குறைந்துகொண்டே வருகிறது. 22 வயது கார்டு ஏற்கெனவே கல்லூரியில் செய்த பிழைகளோடு ரெடிமேடாகக் கிடைக்கும்போது 17 வயதுக்காரனுக்காக ஏன் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். பயிற்சியாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, வேலை போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. ஆனால் வெறும் சராசரிகளைத் தூக்கிக்கொண்டு நாம் போய் நின்றால் அந்தப் பேரத்தில் பள்ளிப் பையன் தோற்றுத்தான் போவான்.

கார்னரைத் திரும்பிப் பார்த்த அந்தப் பையனைப் பற்றி ஒரு கல்லூரிக்கு எழுதியிருந்தேன். திரும்பி வந்த முதல் கேள்வி, “எத்தனை பாயிண்ட் சார்?” ஒன்பது என்று பதில் போட்டேன். பிறகு அந்த இரண்டு பந்துகளை மட்டும், நடுவில் அவன் திரும்பி ஓடுகிற சில வினாடிகளோடு சேர்த்து, வெட்டி அனுப்பினேன்.