லெதர் கோட், ஜீன்ஸ், பட்டு... துப்பாக்கிக் குண்டை எந்த உடை தடுக்கும்?

சினிமாவில் வில்லன் சுடுவார். தடிமனான கோட்டை உதறிவிட்டு ஹீரோ நடந்து வருவார். நிஜத்தில் இப்படி நடக்குமா? நடக்காது. கைத்துப்பாக்கிக் குண்டுக்கு சாதாரணத் துணி ஒரு தடையே இல்லை.

1982 மே 19 இரவு, சென்னை தி.நகர் பாண்டி பஜாரில் விடுதலைப் புலிகள் தலைவர் பிரபாகரனும் புளொட் தலைவர் உமா மகேஸ்வரனும் எதிரெதிரே வந்துவிட, துப்பாக்கிகள் வெடித்தன. உமா மகேஸ்வரனுடன் வந்த ஜோதீஸ்வரன் குண்டுக் காயம் அடைந்தார். பிரபாகரனும் ராகவனும் பிடிபட்டார்கள். ஊரிலேயே துணி அதிகம் விற்கும் பகுதி அது. ஆனா அங்கே தொங்கும் எந்தத் துணியும் அன்றைக்கு யாரையும் காப்பாற்றியிருக்காது.

ஏன்? 9 எம்.எம். குண்டின் எடை சுமார் 8 கிராம்தான். ஆனால் விநாடிக்கு ஏறக்குறைய 360 மீட்டர், அதாவது மணிக்கு 1,300 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அந்த மொத்த விசையும் ஒரு பட்டன் அளவு இடத்தில் இறங்கும். பருத்தி நூல் அறுந்துவிடும், தோல் கிழிந்துவிடும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தனது குண்டுகளைச் சோதிக்கும்போது, டி-ஷர்ட், சட்டை, ஃப்ளீஸ், டெனிம் எல்லாவற்றையும் அடுக்கி அதன் வழியாகவும் சுடுகிறது. துணி குண்டைத் தடுக்குமா என்று பார்க்க அல்ல. நுனியில் குழி உள்ள குண்டு உடம்புக்குள் போனதும் விரிய வேண்டும். அந்தக் குழியில் துணி அடைத்துக்கொண்டால் விரியாது. விரியாத குண்டு இன்னும் ஆழமாகப் போகும்! கனமான உடை சில நேரம் குண்டை உள்ளே அனுப்பி வைக்கிறது என்றே சொல்லலாம். போதாக்குறைக்கு, அழுக்குத் துணியின் இழைகளும் காயத்துக்குள் போய் சீழ் பிடிக்க வைக்கும்.

சரி, பட்டு? இதுக்கு ஒரு சுவாரசியமான கதை இருக்கு. 1880-களில் அமெரிக்காவின் அரிசோனாவில் குட்ஃபெலோ என்ற மருத்துவர், சுடப்பட்டவர்களின் காயத்துக்குள்ளிருந்து பட்டுக் கைக்குட்டையை வெளியே எடுத்தார். பட்டு கிழியவில்லை. 1887-ல் இதைக் கட்டுரையாகவும் எழுதினார். அதைப் படித்துவிட்டு காஞ்சிபுரம் புடவையை நம்ப வேண்டாம். பட்டு கிழியவில்லையே தவிர, குண்டு அதையும் சுருட்டிக்கொண்டு உடம்புக்குள் போயிருந்தது. இருந்தாலும் பட்டைப் பல அடுக்காகத் தைத்து, மெதுவாக வரும் அந்தக் காலத்துக் குண்டுகளைத் தடுத்தவர்கள் உண்டு.

அதே யோசனையின் இன்றைய வடிவம்தான் கெவ்லர். 1965-ல் டூபாண்ட் நிறுவனத்தின் ஸ்டெஃபனி குவோலெக் கண்டுபிடித்த இழை இது. கால்பந்து வலை பந்தைப் பிடிப்பதுபோல, பல அடுக்கு கெவ்லர் குண்டின் விசையை அகலமாகப் பரப்பி நிறுத்துகிறது. முக்கியம் தடிமன் அல்ல, இழையின் உறுதி. அப்படியும் அடி விழத்தான் செய்யும். ஜாக்கெட்டின் பின்னால் வைக்கும் களிமண்ணில் 44 மில்லிமீட்டர் வரை பள்ளம் விழுவதை அமெரிக்கத் தரநிலை ஏற்கிறது. விலா எலும்பு முறிந்தாலும் ஆச்சரியமில்லை.

ஜாக்கெட் மூடாத இடம் மூடாததுதான். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர்.ராதா சுட்டபோது எம்.ஜி.ஆருக்குக் குண்டு பாய்ந்தது கழுத்தில். அவர் பிழைத்தார், ஆனால் குரல் மாறிவிட்டது. 2008 மும்பை தாக்குதலின்போது ஹேமந்த் கர்கரே ஜாக்கெட் அணிவதை டிவியில் எல்லோரும் பார்த்தோம். அன்று எதிரில் இருந்தது ஏ.கே.47, அதன் குண்டின் வேகம் விநாடிக்கு 700 மீட்டருக்கு மேல். ரைஃபிளைத் தடுக்க கெவ்லர் மட்டும் போதாது, செராமிக் தகடு வேண்டும். இந்திரா காந்தியிடம் குண்டு துளைக்காத உடை இருந்தது. 1984 அக்டோபர் 31 காலை, டிவி பேட்டிக்குக் கிளம்பிய அவர் அதை அணியவில்லை.

அப்போ நெரிசலான தெருவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால்? உடனே தரையோடு படுங்கள். கார் கதவைக் குண்டு துளைத்துவிடும். என்ஜின் இருக்கும் பக்கம், கான்கிரீட் தூண் இவற்றின் பின்னால் பதுங்கலாம். பக்கத்தில் யாருக்காவது காயம் என்றால், ஆபத்து விலகியதும் 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சுத்தமான துணியை மடித்து ரத்தம் வரும் இடத்தில் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். துணியால் ஆகக்கூடிய உதவி அங்கேதான் இருக்கிறது.